மிஷின் மேல் போட்ட பழி

"அக்கா, எடிட்டிங்குக்கு எந்த லேப்டாப்புங்க வாங்கறது?"

வாரத்துக்கு இரண்டு பேராவது போன் செய்து இதைக் கேட்கிறீர்கள். கல்யாண வீடியோ எடிட்டிங்கை விட்டு நான் வீட்டோடு உட்கார்ந்து இரண்டு வருடம் ஆகிறது. கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டது, இனி எட்டு மணி நேரம் திரை முன்னால் உட்கார்ந்தால் நான் பொறுப்பில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். வேலை என்னை விட்டுவிட்டது, இந்தக் கேள்விதான் விடுகிற மாதிரி தெரியவில்லை.

நீங்கள் என்னிடம் எதிர்பார்ப்பது ஒரு கம்பெனிப் பெயர், ஒரு மாடல் நம்பர். சொல்லலாம். நீங்கள் காந்திபுரத்துக்கு பஸ் ஏறி இறங்குவதற்குள் அந்த மாடல் நின்றுபோயிருக்கும், கடைக்காரன் வேறொன்றைத் தலையில் கட்டிவிடுவான். அதனால் பெயர் சொல்லமாட்டேன். ஒரு லேப்டாப்பை வாங்கி நான் என்ன செய்து வைத்தேன் என்பதைச் சொல்கிறேன். என்னோடு இருபது வருடம் கேமரா பிடித்த செல்வராஜுக்கே இதில் பாதிதான் தெரியும். மீதியை இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

அதுவரை எனக்கு லேப்டாப்பே தேவைப்படவில்லை. கோவை கணபதியில் என் வீட்டு முன்னறையில் பெரிய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. கல்யாணம் முடிந்து ஒரு மாதம் கழித்துப் படத்தைக் கொடுத்தால் போதும். பிறகு வந்தது அந்த ஃபேஷன். காலையில் தாலி கட்டுவார்கள், அன்று மாலை வரவேற்பிலேயே காலையில் நடந்ததை ஆறு நிமிஷப் படமாக மேடைக்குப் பக்கத்துப் பெரிய திரையில் ஓட்ட வேண்டும். கோயமுத்தூரில் ஒருத்தர் ஆரம்பித்தால் போதுமே, ஒரே சீசனில் எல்லாரும் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். மண்டபத்திலேயே உட்கார்ந்து வெட்டி ஒட்ட வேண்டும். பெரிய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? லேப்டாப் வாங்கக் கிளம்பினேன்.

கடையில் இரண்டை எடுத்து வைத்தார்கள். ஒன்று தடிமன், கறுப்பு, தூக்கினால் கை இறங்கும். இன்னொன்று வெள்ளி நிறத்தில் மெல்லிசாக, ஒரு விரலில் பிடிக்கலாம் போல இருந்தது. இரண்டுக்கும் உள்ளே இருக்கிற சமாசாரம் ஒன்றுதான் என்று கடைக்காரர் அட்டையைக் காட்டினார்.

செல்வராஜ் தடிமனைத் திருப்பிப் பார்த்தார். "அக்கா, இது பாக்கறதுக்கு செங்கல்லு மாதிரிதான் இருக்குது. ஆனா காத்துப் போற ஓட்ட எத்தன பெருசா இருக்குது பாருங்க. நமக்கு இதுதானுங்க ஆகும்."

"மண்டபத்துல நாலு பேரு பாப்பாங்க செல்வராஜ். செங்கல்லத் தூக்கிட்டுப் போனா கொத்து வேலைக்கு வந்திருக்கோம்னு நெனப்பாங்க."

கடைக்காரர் பிடித்துக்கொண்டார். "இதுல சினிமாவே எடிட் பண்ணலாமுங்க்கா."

அந்த ஆசை எனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். என் அப்பாவும் அம்மாவும் தோட்டத்தில் கூலி வேலை செய்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும்போது மட்டும்தான் என் அம்மா செருப்புப் போட்டுப் பார்த்திருக்கிறேன். அவர்கள் வேலை செய்த தோட்டத்து வீட்டுக் கல்யாணத்துக்கே நான் எடிட்டராகப் போயிருக்கிறேன். முன்வாசல் வழியாக மண்டபத்துக்குள் நுழையும்போது கையில் இருப்பது பளிச்சென்று இருக்கட்டும் என்று நினைத்தேன். இதற்காக நான் வெட்கப்படவில்லை. ஆனால் வேலைக்கு ஆகிற சாமானையும் கண்ணுக்கு ஆகிற சாமானையும் ஒன்றாக நினைத்தேனே, அது என் முட்டாள்தனம்.

கடையிலேயே போட்டுப் பார்த்தேன். எப்படி? குளுகுளு ஏசியில், பத்து நிமிஷம், சார்ஜரைச் சொருகி, அவர்களே வைத்திருந்த நீர்வீழ்ச்சி வீடியோவை வைத்து. தண்ணீர் மாதிரி ஓடியது. ஓடாமல் என்ன செய்யும்? எந்த மண்டபத்தில் எனக்கு அப்படி ஒரு ஏசி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்? அந்தக் கேள்வி அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. தை மாதக் கல்யாணங்கள் இரண்டு நன்றாகவே போயின. பார்த்தவர்கள் எல்லாரும் லேப்டாப்பைத் தொட்டுப் பார்த்தார்கள். நானும் தொட்டுப் பார்க்கக் கொடுத்தேன்.

வைகாசியில் வந்தது கார்த்தியின் கல்யாணம்.

கார்த்தி மாப்பிள்ளை. பெருந்துறைப் பையன், இஞ்சினியர். அப்பா சின்ன வயதிலேயே இறந்துபோனார். அக்கா பூங்கொடி சிப்காட்டில் ஒரு கார்மென்ட்ஸில் வேலைக்குப் போய்த்தான் தம்பியைப் படிக்க வைத்தார். பிறகு பூங்கொடிக்குக் கல்யாணமாகி, ஒரு பெண் குழந்தை பிறந்து, அந்தக் குழந்தைக்கு நாலு வயதாகும்போது கணவர் பைபாஸில் லாரி மோதிப் போய்ச் சேர்ந்தார். அதிலிருந்து எந்த விசேஷத்திலும் பூங்கொடி முன்னால் வந்து நின்றதில்லை. தூணுக்குப் பின்னால், சமையல்கட்டுப் பக்கம், இல்லையென்றால் பாத்திரக் கணக்குப் பார்த்துக்கொண்டு. யாரும் வாய் திறந்து போ என்று சொல்வதில்லை. போக வைத்துவிடுவார்கள்.

இந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. முகூர்த்தத்துக்கு முன்னால் மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ அவன் பக்கத்தில் நின்று செய்கிற சீர். கூறைச் சேலையின் ஒரு முனை அவனிடம், மறு முனை அவளிடம். உனக்குக் குடும்பம் வந்தாலும் எனக்கும் உனக்கும் உள்ளது அறாது என்பதுதான் அதன் அர்த்தம் என்று எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். கூடப் பிறந்தவள் விதவையாக இருந்தால், சித்தப்பா மகளையோ பெரியப்பா மகளையோ நிறுத்திவிடுவார்கள். அதுதான் வழக்கம்.

கார்த்தி ஒத்துக்கொள்ளவில்லை. "என்ர அக்கா நிக்காத சீரு எனக்கு வேண்டாமுங்க" என்று உட்கார்ந்துவிட்டான். ஒரு வாரம் வீட்டில் பேச்சு வார்த்தை. கடைசியில் அவன்தான் ஜெயித்தான்.

முகூர்த்தத்துக்கு முதல் நாள் அவனே என்னைத் தேடி வந்தான். "அக்கா, நாளைக்குச் சாயங்காலம் ஓட்டற படத்துல இணைச்சீரு கட்டாயம் வரணுமுங்க. அத்தன சனமும் பாக்கணும். மத்ததெல்லாம் போனாலும் போகட்டும், எங்கக்காவ மட்டும் விட்டுப்போடாதீங்க."

"விடமாட்டேன் கண்ணு" என்றேன். தலையில் கை வைத்துச் சொல்லாத குறை.

அதிகாலையில் பெருந்துறை மண்டபத்தில் அந்தச் சீர் நடந்தது. செல்வராஜ் ஒரு கேமரா, அவர் கூட்டாளி ஒரு கேமரா. பூங்கொடி அரக்கு நிறத்தில் ஒரு பட்டுப்புடவை கட்டியிருந்தார், மடிப்புக்கூடக் கலையாத புடவை. சேலை முனையைக் கையில் வாங்கும்போது அவர் கை நடுங்கியது. கார்த்தி திரும்பி அவரைப் பார்த்தான், சேலையைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துப் பிடித்தான். நடுக்கம் நின்றது. இதையெல்லாம் செல்வராஜ் ஸ்லோமோஷனில் எடுத்திருந்தார். இருபத்தைந்து வருட வேலையில் நான் பார்த்த நல்ல நாற்பது விநாடிகளில் அது ஒன்று.

வரவேற்பு அன்று மாலையே கோவையில். மதியம் பன்னிரண்டுக்கு மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். ஏசி அறைகளையெல்லாம் ஒறம்பரைக்கு, அதாவது வந்திருந்த உறவுக்காரர்களுக்கு, கொடுத்துவிட்டார்கள். எனக்குக் கிடைத்தது சமையல்கட்டை ஒட்டின ஸ்டோர் ரூம். அரிசி மூட்டை, ஒரு டேபிள் ஃபேன், எண்ணெய்ப் பிசுக்கு ஏறின மேஜை. அந்த மேஜையில் என் வெள்ளி லேப்டாப்பை வைக்க மனசு வரவில்லை. மேடை அலங்காரக்காரர்களிடம் கேட்டு வாங்கி, மெத்தென்ற வெல்வெட் துணியை இரண்டாக மடித்து விரித்தேன். அடியில் காற்றுப் போகிற ஓட்டை அடைபடுமே என்று நினைக்காமல் அதன் மேல் வைத்தேன். எடிட்டிங் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் தலையில் அடித்துக்கொள்வீர்கள். அடித்துக்கொள்ளுங்கள்.

மூன்று மணி வாக்கில் கதவு தட்டப்பட்டது. கார்த்தியின் பெரியப்பா. அப்பா இல்லாத வீட்டில் அவர்தான் எல்லாவற்றையும் முன்னின்று நடத்துகிறவர். கையில் சீவின இளநீர், குழாய் போட்டு.

"ஏனுங் அம்மணி, சோறுண்டாச்சுங்களா?"

"ஆச்சுங்க."

"இந்தாங்க, எளநி. நம்ம தோட்டத்துக் காய். வெயிலு நெம்ப எச்சா இருக்குது, நீங்க வேற அடுப்புக்குப் பக்கத்துல உக்காந்திருக்கறீங்க." அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தார். லேப்டாப்பைப் பார்த்து, "எத்தன மெல்லீசா இருக்குது, நோட்டுப் பொஸ்தகமாட்ட" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

பிறகு துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "காத்தால அந்த இணைச்சீரு நடந்துதில்லீங்க. தம்பி பிடிவாதம். அப்பனில்லாத பையன், மனசு நோகக் கூடாதுன்னு நாங்களும் மறிச்சுப் பேசல. நடந்தது நடந்துபோச்சு. ஆனா பாருங்க, அத்தாம்பெரிய திரையில அது வந்துதுன்னா பொண்ணு ஊட்டு ஒறம்பரை என்ன பேசும்? நாளைக்குக் கல்யாணப் பொண்ணுக்குத் தலவலி வந்தாக்கூட இதையத்தான சொல்லும்?"

நான் இளநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

"நான் போட வேண்டாமுன்னு சொல்லலீங்க. பூங்கொடியும் எங்க புள்ளதான. உங்களுக்குத் தெரியாததுங்களா? பாத்துப் பண்ணுங்க."

"பாக்கலாமுங்க" என்றேன்.

எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்கு இந்தப் பேச்சை விளக்க வேண்டியதில்லை. அவர் உத்தரவு போடவில்லை, நான் சம்மதிக்கவும் இல்லை. இரண்டு பேரும் மரியாதையாகப் பேசி முடித்துவிட்டோம், வேலையும் முடிந்துவிட்டது. அவர் திருப்தியாக எழுந்து போனார். தன்மையாக ஒரு வார்த்தை, 'தம்பி எங்கிட்ட வேற மாதிரி சொல்லியிருக்குதுங்க, நீங்க தம்பிகூடவே பேசிக்கோங்க' என்று சொல்லியிருக்கலாம். வாயில் இளநீர்க் குழாய் இருந்தது.

ஐந்தரை மணிக்குப் படம் தயார். இணைச்சீரும் அதில் இருந்தது. சத்தியமாக வைத்திருந்தேன். வெட்டி ஒட்டினதையெல்லாம் ஒரே ஃபைலாக வெளியே எடுக்க வேண்டும், அதுதான் கடைசி வேலை. பட்டனை அழுத்தினேன். ஐம்பது நிமிஷம் என்று காட்டியது. கால் மணி நேரம் கழித்துப் பார்க்கிறேன், ஒரு மணி இருபது நிமிஷம் என்கிறது. நேரம் குறைவதற்குப் பதில் ஏறுகிறது! லேப்டாப் அடியில் கை வைத்தால் தோசைக்கல். உள்ளே இருக்கிற குட்டி ஃபேன் அழுகிறது. ஆறே முக்காலுக்குத் திரைக்காரரிடம் ஃபைல் போயாக வேண்டும், ஏழுக்கு ஓட்ட வேண்டும்.

செல்வராஜ் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். "அக்கா, ரெண்டு எடந்தான் கனமுங்க. மண்டபத்த மேலிருந்து எடுத்த ட்ரோன் ஷாட்டு, அப்பறம் இணைச்சீரு. ஏதாச்சும் ஒண்ணத் தூக்கிப்போட்டா நேரத்துக்கு வந்துருமுங்க. ட்ரோனத் தூக்கிரட்டுங்களா?"

பாருங்கள், சரியான பதில் அவர் வாயிலேயே இருந்தது. மண்டபக் கூரையைப் பார்த்து யாருக்கு என்ன ஆகப்போகிறது?

"ட்ரோன் இருக்கட்டும். பொண்ணு வீட்டுக்காரங்க கேட்டது" என்றேன். யாரும் கேட்கவில்லை. "இணைச்சீர எடுத்தர்றேன்."

நாற்பது விநாடியைப் பிடித்து, அழித்து, இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒட்டி, மறுபடியும் பட்டனை அழுத்தினேன். துணியையும் அப்போதுதான் உருவிப் போட்டேன். ஆறு பத்துக்கு முடிந்துவிட்டது.

கவனியுங்கள். ஆறு பத்து. கையில் முப்பத்தைந்து நிமிஷம் இருந்தது.

"அக்கா, இன்னும் அர மணிக்கு மேல இருக்குதுங்க. அதையும் வெச்சு இன்னொருக்கா..." என்று செல்வராஜ் இழுத்தார்.

"மறுபடி சூடானா மொத்தமும் போயிரும். வேண்டாம்" என்று லேப்டாப்பை மூடினேன்.

ஏழு மணிக்கு விளக்குகளை அணைத்தார்கள். நான் பக்கவாட்டில் நின்றேன். இரண்டாவது வரிசையில் பூங்கொடி உட்கார்ந்திருந்தார். தூணுக்குப் பின்னால் இல்லை, இரண்டாவது வரிசையில். காலையில் கட்டியிருந்த அதே அரக்குப் புடவை. பக்கத்தில் பத்து வயது மகள், அம்மா திரையில் வரும்போது படம் பிடிக்க அம்மாவின் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மண்டபம் மேலிருந்து வந்தது. மாலை வந்தது. தாலி வந்தது. ஜனம் கை தட்டியது. பிள்ளையின் கை வலித்திருக்க வேண்டும், வலது கையிலிருந்து இடது கைக்குப் போனை மாற்றினாள், இறக்கவில்லை. 'அனைவருக்கும் நன்றி' என்று எழுத்து வந்து, விளக்கும் போட்டாயிற்று. அவள் போன் இன்னும் மேலேதான் இருந்தது. பூங்கொடிதான் அவள் கையை மெதுவாகப் பிடித்து இறக்கினார். மேடையிலிருந்து கார்த்தி முதலில் என்னைப் பார்த்தான். பிறகு அவன் அக்காவைப் பார்த்தான்.

நான் ஸ்டோர் ரூமுக்குப் போய் ஒயர்களைச் சுருட்ட ஆரம்பித்தேன். பூங்கொடி வாசலில் வந்து நின்றார். பின்னால் சமையல் ஆட்கள், இரண்டு மூன்று உறவுக்காரப் பெண்கள்.

"ஏனுங்க்கா, மிஷின்ல ஏதாச்சும் கோளாறாயிப்போச்சுங்களா?"

"ஆமாங்க அம்மணி" என்றேன். கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. "சூடாயி நின்னுபோச்சு. கனமான காட்சியெல்லாம் எடுக்க வேண்டியதாப் போச்சு."

"அய்யோ, உங்களுக்குத்தான் நெம்பச் சிரமமுங்க. சாப்பிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முழுப் படமும் வாங்கிப்போகக் கார்த்தி ஒரு மாதம் கழித்து வீட்டுக்கு வந்தான். மூன்று மணி நேரப் படம், அதில் இணைச்சீர் முழுசாக இருந்தது. ஆனால் மூன்று மணி நேரப் படத்தை எந்த ஊரார் உட்கார்ந்து பார்க்கப் போகிறார்கள்? வாங்கிக்கொண்டு, "நன்றிங்க மேடம்" என்றான். அதுவரை என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

அந்த 'மேடம்' என்னைத் தூங்க விடவில்லை. லேப்டாப்பை ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். ஏதாவது ஒரு கோளாறைக் கண்டுபிடித்துச் சொல்லமாட்டார்களா என்று எனக்கு ஆசை. மெக்கானிக் திறந்து பார்த்து, மூடி, கையில் கொடுத்துவிட்டார். "ஒரு கோளாறும் இல்லீங்க. மெல்லீசா இருக்கறது சூடாகத்தான் செய்யும். சூடானா எரிஞ்சு போகாம இருக்கறதுக்கு அதுவே வேகத்தக் கொறச்சுக்குமுங்க. தன்னையக் காப்பாத்திக்குது, அவ்வளவுதான்."

நானும் அதைத்தான் செய்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து, துணி கிணி இல்லாமல், வெறும் மேஜையில், ஃபேனைப் பக்கத்தில் வைத்து, அதே லேப்டாப்பில் அந்த ஆறு நிமிஷப் படத்தை இணைச்சீரோடு சேர்த்து மறுபடி ஒரே ஃபைலாக வெளியே எடுத்துப் பார்த்தேன். இருபத்தாறு நிமிஷத்தில் முடிந்தது. அன்றைக்கு என் கையில் முப்பத்தைந்து இருந்தது. மேஜை முன்னால் உட்கார்ந்து அழுதேன். யாருக்காக அழுதேன் என்று கேட்டால், அந்த நிமிஷம் எனக்காகத்தான்.

அடுத்த ஞாயிறு சர்ச்சுக்குப் போகாமல் பெருந்துறைக்கு பஸ் ஏறினேன். பூங்கொடி வீடு சிப்காட்டுக்குப் பின்னால் ஒரு வாடகை லைன் வீடு. என்னைப் பார்த்ததும், "வாங்க்கா, வாங்க, உள்ள வாங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மகள் எதிரில் வந்து நின்றுகொண்டாள். லேப்டாப்பை ஸ்டூலில் வைத்து, படத்தை ஓட்டினேன்.

சேலை முனையை வாங்குகிற இடம் வந்தது. கை நடுங்கியது. தம்பி இழுத்துப் பிடித்தான். பூங்கொடி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். "இன்னொருக்கா போடுங்க்கா" என்றார். போட்டேன். மூன்றாவது தடவை அவரே பட்டனைத் தொட்டார். தொட்ட கை லேப்டாப் மேலேயே கொஞ்ச நேரம் இருந்தது.

"அன்னைக்கு மிஷின் மேல தப்பில்லீங்க அம்மணி" என்றேன். "நாந்தான் வெட்டினேன். நேரம் இருந்துச்சு. திருப்பி வெச்சிருக்கலாம். வெக்கல."

"தெரியுமுங்க்கா."

"எப்படி?"

"பெரியப்பா எளநியச் சீவி எடுத்துட்டு உங்க ரூமுக்குப் போனதப் பாத்தனுங்க. அவரு யாருக்கும் சும்மா எளநி தூக்கிட்டுப் போறவரு இல்லீங்க." சிரித்தார். சிரிக்க முடிந்தது அவரால்.

"தெரிஞ்சுமா எங்கிட்ட வந்து மிஷின்ல கோளாறான்னு கேட்டீங்க?"

"பின்ன, அத்தன பேரு முன்னால வேற என்னத்தக் கேக்கறதுங்க? நீங்க பதில் சொல்ல முடியாம நின்னீங்கன்னா நல்லாவா இருக்கும்?"

நாம் வாழ்கிற ஊரின் மரியாதை என்னவென்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அதே மரியாதையால் பெரியப்பா என் கையைக் கொண்டே பூங்கொடியை வெட்டினார். அதே மரியாதையால் இவர் என்னைக் காப்பாற்றியிருக்கிறார். தலை நிமிர முடியவில்லை எனக்கு.

கிளம்பும்போது பூங்கொடி வாசல்வரை வந்தார். "அக்கா, ஒண்ணே ஒண்ணுங்க. தம்பிகிட்ட மட்டும் சொல்லிப்போடுங்க. நாந்தான் உங்ககிட்ட வந்து வேண்டாமுன்னு சொல்லீட்டேன்னு அவன் நெனச்சுட்டிருக்கறான். எப்பவும் பின்னால போயி நிக்கறவ தான, இதுலயும் ஒளிஞ்சுட்டான்னு. கல்யாணத்திலிருந்து செரியாப் பேசறதில்லீங்க. நான் இல்லேன்னு சொன்னா பெரியப்பாவ இழுக்கணும், உங்கள இழுக்கணும். அதான் சொல்லல."

மேடையிலிருந்து கார்த்தி அக்காவைப் பார்த்த பார்வை எனக்கு அப்போதுதான் விளங்கியது. நாற்பது விநாடியை வெட்டினேன் என்று மட்டும்தான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

வாசலிலேயே நின்று போன் போட்டேன். ஒன்றையும் சுற்றி வளைக்கவில்லை. "கார்த்தி, அன்னைக்கு இணைச்சீர வெட்டினது நான். உங்கக்கா ஒரு வார்த்தை சொல்லல. மிஷினும் காரணமில்ல."

"பெரியப்பா சொன்னாருங்களா?"

"அவரு பாத்துப் பண்ணுங்கன்னாரு. பண்ணினது நான்."

"எங்கக்கா பக்கத்துல இருக்குதுங்களா? போனக் குடுங்க" என்றான். பூங்கொடி போனை வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் போனார். மகளும் நானும் வாசலில் நின்றோம். உள்ளே அக்கா சிரிப்பதும் மூக்கை உறிஞ்சுவதும் மாறி மாறிக் கேட்டது.

கார்த்தி இன்றுவரை என்னை மேடம் என்றுதான் கூப்பிடுகிறான். அது அவன் உரிமை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். லேப்டாப் வாங்கப் போகும்போது நீங்கள் எடுத்த வீடியோவையே எடுத்துக்கொண்டு போங்கள், கடைக்காரனின் நீர்வீழ்ச்சி வேண்டாம். பத்து நிமிஷம் போதாது, ஒரு மணி நேரம் ஓட்டுங்கள், முறைத்தால் முறைக்கட்டும். சார்ஜரைப் பிடுங்கிவிட்டும் ஓட்டுங்கள். அடியில் கை வைத்துப் பாருங்கள். காற்றுப் போகிற ஓட்டையைப் பாருங்கள், செங்கல் மாதிரி இருந்தாலும் பரவாயில்லை. ரிப்பேர் என்றால் நம் ஊரிலேயே செய்து கொடுக்கிறார்களா என்று கேளுங்கள். உங்கள் வேலைக்குத் தேவையானதைவிட ஒரு படி மேலே இருப்பதாக வாங்குங்கள். சும்மா சொல்லவில்லை. மிஷினுக்குத் தெம்பு குறைவாக இருந்தால், பயந்த மனுஷிக்கு அது சாக்காகிவிடும். நான் பயந்த மனுஷி. நீங்கள் எப்படி என்று உங்களுக்குத்தான் தெரியும்.

அந்த வெள்ளி லேப்டாப்பை அந்த வருடமே கொடுத்துவிட்டு, செல்வராஜ் காட்டிய செங்கல்லையே வாங்கினேன். பழையதை எடுத்துக்கொள்ள வந்தவர் ஒரு டியூஷன் டீச்சர், பிள்ளைகளுக்குப் பாடம் காட்டுவதற்கு. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "புதுசாட்டவே இருக்குதுங்களே. ஏனுங்க விக்கறீங்க? ஏதாச்சும் கோளாறுங்களா?" என்று கேட்டார்.

"கனமான வேலை குடுத்தா சூடாகுமுங்க, உங்க வேலைக்கு ஒண்ணும் பண்ணாது" என்றேன். "கோளாறு மிஷின்ல இல்லீங்க."